ஐஸ் பெட்டி

தடுப்பூசி பலித்துவிட்டது என்று வெளிநாட்டு டாக்டர் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். அந்தப் புதிய காசநோய் ஊசியின் ஆராய்ச்சிக்காக லெசோத்தோவின் மலைக்கிராமத்துப் பெண்கள் ஏழு வருடமாக ரத்தம் கொடுத்திருந்தார்கள். டாக்டர் பேசியதை எல்லாம் அவர்கள் பாஷையில் சொன்னவள் நர்ஸ் டினேயோ. இதையும் அவள்தான் சொன்னாள்.

"அப்ப எங்க பிள்ளைங்களுக்கு எப்பப் போடுவாங்க?" என்று கேட்டாள் மபசேகா. இரண்டு பிள்ளைகளைக் காசநோய்க்கு வாரிக்கொடுத்தவள். மூன்றாவதற்கு இப்போது ஆறு வயது.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இந்த நாட்டுக்கு அனுப்பும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லுங்கள்."

 டினேயோ அதையும் அப்படியே சொன்னாள்.

மபசேகா அழவில்லை. அன்றைக்கு எடுத்த ரத்தக் குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க ரத்தத்துக்கு மட்டும் இவரு ஊருக்கு வழி தெரியுது. ஊசிக்கு எங்க ஊரு வழி தெரியாதாமா?" என்றவள் டினேயோவை முறைத்தாள். "ஊசி வரும்னு இவரா சொன்னாரு? உன் வாயாலதானே கேட்டோம்!"

வெளியே ஜீப் உறுமியது. "குழாயெல்லாம் கெட்டுப்போகும், அந்த அம்மாவை எழுந்திருக்கச் சொல்லுங்கள்!" என்று டாக்டர் கத்தினார்.

டினேயோ பெட்டியருகே போனாள்.

"எனக்கும் இடம் வேணும், கொஞ்சம் நகந்து உக்காருங்கக்கா," என்றாள்.