உள்தாழ்ப்பாள்

சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் தன் வீட்டின் வாசலிலேயே வீட்டுக்காரி அந்நியளாய் நிற்கிறாள். மத்தியான வெயில் பித்தளைக் கைப்பிடியில் பட்டுக் கண் கூசுகிறது. மாற்றுச் சாவி பூட்டில் சுளுவாகத் திரும்புகிறது, கதவு மட்டும் அசைய மறுக்கிறது. தங்குகிறவர்கள் பயமில்லாமல் தூங்கட்டும் என்று போன மாதம் அவளே போட்டுக்கொடுத்த உள்தாழ்ப்பாள். ஏசி ஓடுகிறது, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. அவள் கையிலிருக்கும் போனில், சற்று முன் உள்ளிருந்து வந்த படம்: சமையலறைச் சுவரில் ஈரத்துண்டு சுற்றிய சின்னப் பெட்டி. கீழே ஒரு வரி: "சிவப்பா மினுக்குது. கேமரா வைக்க வெக்கமா இல்ல?" திருப்பிக் கூப்பிட்டால் எடுப்பாரில்லை. அவள் உள்ளங்கை எரியத் தட்டுகிறாள். "அது கேமரா இல்லம்மா, கேஸ் கசிஞ்சா காட்டுற கருவி! சிலிண்டரை மூடு, ஜன்னலைத் திற!" உள்ளே ஒரு தும்மல். பிறகு சளி பிடித்த பெண்குரல்: "அவரு வெளிய போயிருக்காரு. அப்புறம் வாங்க." கதவிடுக்கில் மூக்கை வைத்தால் கேஸ் வாடை லேசாக வருகிறது. "நான்தாம்மா இந்த வீட்டு ஓனர்!" "ஓனர்னு சொன்னாலும் திறக்காதீங்கன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கே." வீட்டுக்காரி நெற்றியைக் கதவில் சாய்க்கிறாள். தடித்த எழுத்தில், அடிக்கோடு போட்டு, அவளே எழுதி ஒட்டியது. உள்ளே குழந்தை சிணுங்குகிறது. "அழாதடா தங்கம், இதோ அம்மா பால் காய்ச்சித் தரேன்." செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் நகர்கிறது.