அஞ்சு நிமிஷ நாற்காலி

நயா பைசா வந்த வருஷம், கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் முன்பு, குமாஸ்தா உமாமகேஸ்வரன் தச்சர் குலாம் ரசூலிடம் ரகசியமாக ஒரு நாற்காலி கேட்டார். ரகசியம் என்றால், தெருவில் நாலு பேருக்குத்தான் தெரியும். தீபத்துக்கு வரும் மாமா சம்பந்தமூர்த்தி மார்கழி முழுக்க வீட்டிலிருக்கும் ஒரே நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். உமாமகேஸ்வரனுக்குக் காப்பிகூடத் தரையில் உட்கார்ந்துதான்.

"பாக்க நவாப் நாற்காலியாட்டம் இருக்கணும் பாய். ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்கார முடியக் கூடாது. குத்தவும் கூடாது, சொந்தக்காரரு, கோச்சிக்குவாரு."

மூன்றே நாளில் நாற்காலி தயார். உமாமகேஸ்வரன் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாவது நிமிஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எங்கேயோ பழகிய வலி.

"எப்படி பாய் இவ்ளோ கரெக்டா?"

"மொதல் தடவைதான் சார் கஷ்டம். குத்தாம எழுப்பணும்னதுல நாலு நாற்காலி வீணாச்சு. நாலுலயும் நானே உக்காந்து பாத்தேன். பலகை முன்னால ஒரு விரல் சரிஞ்சா போதும், ஆளு வழுக்கிக்கினே இருப்பான். அது தெரிஞ்சப்புறம் நான் செய்யிற நல்ல நாற்காலியும் ஜாஸ்தி சொகமா இருக்குதுங்க."

"மொதல்ல யாருக்குச் செஞ்சீங்க?"

"கீழ்பென்னாத்தூர் மளிகைக்கடை சம்பந்தமூர்த்திக்குங்க. அவரு அக்கா பையன் பொங்கலுக்கு வந்தா தைப்பூசம் வரைக்கும் நகர மாட்டானாம். இந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்னிக்கே இடுப்பைப் புடிச்சிக்கினு ஓடிட்டானாம்!"

உமாமகேஸ்வரன் இடுப்பிலிருந்த கையை மெதுவாக எடுத்தார்.