உப்பில்லாத தியாகம்

கல்லூரியில் தத்துவம் கற்பிக்கும் அவன், மறுநாள் பாடத்துக்குத் ‘தியாகம்’ என்று தலைப்பு எழுதினான். காவியங்களைப் புரட்டியும் நல்ல உதாரணம் சிக்கவில்லை. தன்னையே ‘தியாகி’ என்று எழுதிக்கொண்டான். மனைவி இறந்து இரண்டு வருடம். கூடவே இருக்கும் மாமியாரின் ரத்த அழுத்தத்துக்காக, உப்பில்லாத சாப்பாட்டை இன்றுவரை முகம் சுளிக்காமல் விழுங்குகிறவன் வேறு யார்?

மாமியார் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

“காலேஜ்ல எல்லாருக்கும் உடம்பு செக் பண்ணாங்களே மாப்பிள்ளை, பிரஷர் குறைஞ்சிருக்கா?”

“எனக்கு ஏது அத்தை பிரஷர்? உங்களுக்குத்தானே?”

“எனக்கா? யாரு சொன்னது?”

“உங்க பொண்ணுதான். ‘அம்மாவுக்கு உப்பு ஆகாது, வாயைத் திறக்காம சாப்பிடுங்க’ன்னா.”

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்கிட்ட ‘அவருக்கு ஆகாது, நீ கண்டுக்காதம்மா’ன்னா. அதான் நானும் அப்படியே சமைக்கிறேன். உப்பில்லாம எனக்குத் தொண்டையில இறங்கவே மாட்டேங்குது.”

“அப்போ எதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் அப்படிச் சொன்னா?”

“எதுக்கா? சின்ன வயசுலேர்ந்தே அவ சமைச்சா உப்புப் போட மறந்துடுவா. மாட்டிக்கிட்டா ஒரு கதை விடுவா.”

அவன் பாடக்குறிப்பில் ‘தியாகி’யை அடித்துவிட்டு ‘ஏமாளி’ என்று எழுதினான்.

மாமியார் அலமாரியின் மூலையிலிருந்து உப்பு டப்பாவைத் தேடி எடுத்தார். இரண்டு கிண்ணத்திலும் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். இருவரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள்.

“கரிக்குது” என்றார்கள், ஒரே நேரத்தில்.