மைனா சொன்ன எருமைக் கதை

எருமையின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் மைனா, தினமும் மத்தியானம் கொக்குகளுக்குக் கதை சொல்லும். எல்லாக் கதையிலும் ஓர் எருமை வரும். யார் என்ன பொய் சொன்னாலும் நம்பி, கடைசியில் கிணற்றில் விழும். கொக்குகள் சிரிக்கும். இப்போதெல்லாம் அவை இந்த எருமையைக் கண்டாலே, "மாமா, கிணத்தைப் பாத்துப் போங்க!" என்கின்றன.

எருமைக்கு அலுத்துவிட்டது. "நான் எந்தக் கிணத்துல விழுந்தேன்? ஒரு கதையிலயாவது என்னை ஒழுங்கா வீடு போய்ச் சேர விடு. இல்லேன்னா வேற முதுகு பாத்துக்கோ."

"யாராவது விழுந்தாத்தானே அண்ணே கதை நகரும்?"

"அப்ப நீ விழு."

"எனக்கு றெக்கை இருக்கே. யார் நம்புவா?"

"நான் முட்டாள்னா மட்டும் நம்புறாங்களா?"

"உங்க மூஞ்சி அப்படி, அண்ணே."

எருமை முதுகைச் சிலிர்த்தது. மைனா பயந்துபோய்ச் சொல்லத் தொடங்கியது. "ஓர் எருமை கிணற்றைப் பார்த்தது. சுற்றிக்கொண்டு போனது. வீடு சேர்ந்தது."

"அப்புறம்?" என்றன கொக்குகள்.

"அவ்வளவுதான்."

கொக்குகள் ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. மைனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

எருமை கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றது.