சைக்கிள் வீடு பார்க்க வந்தது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாக்கு அழுகட்டும். எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்யலாம்.

மின்சார சைக்கிளுக்குக் கிராக்கி ஏறி ஏறி, சைக்கிளே வீடுவீடாகப் போய் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் அது. பாளையங்கோட்டையில் இடியாப்பம் விற்கும் கனகமணியை ஏற்கெனவே இரண்டு சைக்கிள்கள் பார்த்துவிட்டு, “போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று போனவைதான், தகவலே இல்லை. தலைச்சுமையாகக் கொண்டுபோனால் கடைசித் தெருவுக்குப் போவதற்குள் இடியாப்பம் ஆறிப்போகிறது. இந்த மூன்றாவதும் தட்டிப்போனால் வியாபாரத்தை மூட வேண்டியதுதான்.

தரகர் பிச்சையா சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்திவிட்டு, அதன் சார்பில் பஜ்ஜி தின்றார். சைக்கிள் ப்ளக் பாயிண்டைப் பார்த்தது. வாசல் மேட்டைப் பார்த்தது. கனகமணியின் கணவன் சுடலைமுத்துவின் தொந்தியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தது.

“வீடு பிடிச்சிருக்காம். வீட்டுக்காரரும் ஏறுவாரான்னு கேக்குது,” என்றார் பிச்சையா.

“அவுக நடந்தே வருவாக, அண்ணாச்சி,” என்றாள் கனகமணி.

“ஏட்டி, என் காலு என்னத்துக்கு ஆகும்?” என்றான் சுடலைமுத்து.

“அதுக்கு சார்ஜ் போட வேண்டாம்லா.”

சைக்கிள் ஒரு தரம் மணியடித்தது. பிச்சையா கையைத் துடைத்துக்கொண்டு தாம்பூலம் மாற்றினார்.

மறுநாள் முதல் கனகமணி அதில் ஏறி, காலை ஏழு மணிக்குள் நாலு தெருவையும் சுற்றிவந்தாள். கடைசி வீட்டிலும் இடியாப்பத்தில் ஆவி பறந்தது. பின்னால் நடந்தே இளைத்த சுடலைமுத்துவுக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

கனகமணிக்கு இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது.