ஃபில்டருக்கு யார் ரிப்பன் வெட்டுவார்?

பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு தண்ணீர் மெஷின் இருந்தது. ஒரு கம்பெனி கொடுத்தது. வந்த புதிதில் பிள்ளைகள் அதைச் சுற்றி அடித்துப்பிடித்து, சட்டையை நனைத்துக்கொண்டு போவார்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்ட பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லோரும் பழையபடி அடிபம்புக்கே போய்விட்டார்கள்.

கம்பெனி ஜன்னலில் கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவிதான் மெஷினுக்கு ஒரே பேச்சுத்துணை.

"அக்கா, இன்னைக்கு டைரக்டருங்க கூட்டத்துல உன் பேச்சு வந்துச்சு!"

"நெசமாவா? என்ன சொன்னாங்க?"

"ஒரு அம்மா, 'அதுக்கு ஒரு ஃபில்டர் மாத்திக் குடுத்தா போதுமே'ன்னாங்க. தலைவர் சிரிச்சுட்டார். 'ஃபில்டருக்கு யாரும்மா ரிப்பன் வெட்டுவாங்க? புதுசாவே ஒண்ணு குடுத்துடுவோம்'னுட்டார்."

"அந்த அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லக்கா. ஓட்டுன்னதும் எல்லாரோடயும் சேர்ந்து கையைத் தூக்கிட்டாங்க."

அடுத்த வாரமே புது மெஷின் வந்து பக்கத்தில் இறங்கியது. டைரக்டர்கள் ஆளுக்கொரு டம்ளர் குடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் விழாமலிருக்க, மேடைக்கு விரித்ததில் மிஞ்சிய துணியைப் பழைய மெஷின்மேல் போர்த்தினார்கள். போகும்போது எடுக்க மறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் புதுசு வாய் ஓயாமல் பேசியது.

"எத்தனை புள்ளைங்கக்கா! தினமும் வருவாங்கதானே?"

"வருவாங்க கண்ணு."

"நீ ஏங்க்கா போர்த்திக்கிட்டு நிக்கிறே? குளிருதா?"

"ஆமா," என்றது பழைய மெஷின். "கொஞ்சம்."