நாற்பது வருட நாக்கு

"கண்ணைக் கட்டிட்டு என் நாக்குல வைடா! முழு வெள்ளியா, செம்புக்கு மேல வெள்ளி பூசினதா, நான் சொல்றேன்!"

ஏதென்ஸ் மீன் சந்தையே திரும்பிப் பார்த்தது. நாணயச்சாலையில் நாற்பது வருடம் ஆந்தை முத்திரை போட்ட வெள்ளிக்காசு அடித்து ஓய்வு பெற்ற லிசானியாஸ், இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவரே, விலாங்கு வேணும்னா விலையைக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றான் மீன்காரன் பிர்ரியாஸ்.

"சோதிக்காம ஒரு காசு என் வாய்க்குள்ள போனதில்லடா! காலையில எண்ணெய்க்காரன் மீதி குடுத்ததைக்கூட நக்கிப் பார்த்துட்டுத்தான் கன்னத்துல அதக்கினேன். சுரங்கத்துல வெள்ளி வெட்டினவன் அன்னிக்குப் பூண்டு தின்னானா, வெங்காயம் தின்னானான்னு சொல்லிடும் இந்த நாக்கு!"

அந்த ஊரில் எல்லாருக்குமே வாய்தான் சுருக்குப்பை.

"சரி, பந்தயம். ஜெயிச்சா விலாங்கு சும்மா. தோத்தா, இனிமே நாணயச்சாலைப் பேச்சையே எடுக்கக் கூடாது."

கூட்டம் "அம்மாடி!" என்றது. அதற்கு அவர் உயிரையே கேட்டிருக்கலாம்.

கண்ணைக் கட்டினார்கள். பிர்ரியாஸ் தன் கன்னத்திலிருந்து ஒரு டிராக்மா வெள்ளிக்காசைத் துப்பி, இடுப்புத் துணியில் துடைத்து, அவர் நாக்கில் வைத்தான்.

லிசானியாஸ் இடப்பக்கம் உருட்டினார், வலப்பக்கம் உருட்டினார், கடித்தார், சப்பினார். முகம் அஷ்டகோணலாயிற்று. தூவென்று உள்ளங்கையில் துப்பினார்.

"சீ! கள்ளக்காசு. உள்ள செம்பு!"

பிர்ரியாஸ் குதித்தான். "தோத்தீங்க! விடியக்காலைலதான் சந்தையில காசு சோதிக்கிற சோதகர்கிட்ட காட்டி வாங்கின காசு!"

சந்தைச் சோதகர் அதை வாங்கி, உளியை வைத்து ஒரு போடு போட்டார். பிளவில் செம்பு பல்லிளித்தது.

சந்தை இடிந்து விழாத குறை. பிர்ரியாஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். லிசானியாஸ் விலாங்கை மாலையாகப் போட்டுக்கொண்டு மீன் பெட்டி மேல் ஏறினார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சொல்லுங்க பெரியவரே!"

"அது வந்து... நாணயச்சாலைல நாற்பது வருஷமா..."

கடைவாய்ப் பல்லில் ஏதோ இடித்தது. நாக்கால் தடவினார். இன்னொரு டிராக்மா! அப்படியானால் துப்பியது எண்ணெய்க்காரன் கொடுத்தது. இது சுத்த வெள்ளி. மீன் கவுச்சி அடித்தது.

வாயை இறுக மூடிக்கொண்டு இறங்கியவர்தான். அதற்கப்புறம் சந்தையில் நாணயச்சாலைப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ஜெயித்த மனுஷனுக்கு என்ன அடக்கம் பார் என்று ஊரே மெச்சியது.